ஓட்டு இருக்கிறது, பக்கெட் மட்டும் வாங்கி வருகிறோம்

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் வீட்டில், தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது காலிங் பெல். வாசலில் கையில் டேப்லெட்டோடு ஒரு பையன். நல்ல பையன்தான், ஷூவைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்று கேட்டான், அதிலேயே என் மனைவி பாதி விழுந்துவிட்டாள். டேப்லெட்டில் எங்கள் வீட்டுக் கூரையின் சாட்டிலைட் படம், அதன்மேல் நீலக் கட்டங்களாக 26 சோலார் பேனல். "உங்கள் கரண்ட் பில் மாதம் 175 டாலர், இனி அது இல்லை, பதிலாக 140 டாலர் தவணை, அதுவும் டிசம்பர் 31-க்குள் போட்டால்தான், அப்புறம் மத்திய அரசின் 30 சதவீத வரிச் சலுகை போய்விடும்." கடைசியாகச் சொன்னது மட்டும் முழு உண்மை. 2022-இல் வந்த சட்டப்படி 2032 வரை இருந்திருக்க வேண்டிய சலுகை, 2025 ஜூலையில் கையெழுத்தான புதுச் சட்டத்தால் அந்த வருடக் கடைசியோடு முடிந்தது.

நான் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டிருப்பேன். தடுத்தது அறிவு இல்லை, வடக்குப் பக்கம். படத்தை உற்றுப் பார்த்தால் எங்கள் வீட்டின் வடக்குச் சரிவிலும் எட்டுப் பேனல் ஒட்டியிருந்தான், இங்கே வெயில் நன்றாக விழுவதோ தெற்குச் சரிவில். மாடியில் வடகம் காயப்போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்றாவது தெரியாதா? அங்கே ஒரு சந்தேகம் வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் நம்மவர்களில் நிறையப் பேருக்குக் கரண்ட் கொடுப்பது தனியார் கம்பெனி இல்லை, இஎம்சி. அந்த 'எம்' என்ன என்று பத்து வருடம் பில் கட்டியும் நான் யோசித்ததில்லை. மெம்பர்ஷிப். முழுப் பெயர் எலக்ட்ரிக் மெம்பர்ஷிப் கார்ப்பரேஷன், அதாவது மின் கூட்டுறவுச் சங்கம். ஊரில் பால் சொசைட்டி மாதிரி, நாம் வாடிக்கையாளர் இல்லை, உறுப்பினர். தலைப்பில் சொன்ன ஓட்டு அதனால் வருவதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஜார்ஜியாவில் இப்படி 41, நாடு முழுக்க ஏறக்குறைய 900.

வேறு இடத்துக்குப் போட்ட சோலார் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுவதில்தான் கோளாறே. அந்தப் பையனின் கணக்கில் கூரையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், நாம் வாங்கும் அதே விலை. எங்கள் இஎம்சியில் அது கிடையாது. நான் வாங்கும் யூனிட் 12 சென்ட், நான் கொடுத்தால் அவர்கள் தருவது நாலரை சென்ட். பகலில் வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்குத்தான் முழுப் பலன். அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். பேனல் எல்லாம் சொன்னபடி தந்தால் மாதம் 1,170 யூனிட், அதில் நாங்கள் அப்போதைக்கப்போது செலவழிப்பது 420, மிச்சம் 750 வெளியே. 50 டாலரும் 34 டாலரும், மொத்தம் 84. தவணை 140. போதாததற்கு மாதம் 30 டாலர் நிலைக் கட்டணம், பேனல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது பாட்டுக்கு இருக்கும். 175 எங்கே போகும்? எங்கேயும் போகாது.

கடன் இன்னொரு கதை. 38,000 டாலர், 25 வருடம், 3.99 சதவீதம். இவ்வளவு குறைந்த வட்டிக்கு யார் தருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்தான். 29,000. ஆக 9,000 டாலரை விலையில் ஏற்றிவிட்டு வட்டியைக் குறைத்துக் காட்டுகிறார்கள். டீலர் ஃபீஸ் என்று பெயர், சோலார் கடனில் சகஜம். அந்த 140 தவணையும்கூட, வரிச் சலுகைப் பணம் 11,400-ஐ வந்த உடனே கடனில் கொட்டினால்தான். கொட்டாவிட்டால் 200. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் 200 கட்டுகிறார்கள், வரிப் பணம் வந்தது, இந்தியா டிக்கெட்டுக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்று, புயலில் கரண்ட் போனால் பேனல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பேட்டரி இல்லாத சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மேல் நம் கரண்ட் பாயக்கூடாது என்று அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஊரில் இன்வெர்ட்டர் இருந்ததே, அது பேட்டரி. அதற்குத் தனியாக இன்னும் பல ஆயிரம்.

சரி, இஎம்சிக்காரர்கள் ஏன் இப்படி அடிமாட்டு விலை தருகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. போன் செய்து கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்ன பதிலில் பாதி நியாயம். கூட்டுறவு லைன்களில் சராசரியாக ஒரு மைலுக்கு எட்டு இணைப்புதான், தனியார் கம்பெனிக்கு முப்பதுக்கு மேல். கம்பம், கம்பி, ராத்திரி மழையில் ஏறும் ஆள், எல்லாச் செலவும் அந்த எட்டு வீட்டின் தலையில். எனக்கு 12 சென்ட் கொடுத்தால், கூரையில் பேனல் போட வக்கில்லாத வீடு என் பங்குக் கம்பத்துக்கும் சேர்த்துக் கட்டும். ஒத்துக்கொள்கிறேன்.

ஒத்துக்கொள்ளாத பாதி இது. இங்குள்ள 38 இஎம்சிகளுக்குச் சொந்தமான ஓக்லதோர்ப் பவர் என்ற மின் உற்பத்தி நிறுவனம், ஜார்ஜியாவின் வோக்ட்ல் அணுமின் நிலையத்தில் 30 சதவீதப் பங்குதாரர். அங்கே கட்டிய இரண்டு புது உலைகள் ஏழு வருடத் தாமதத்தில், 2023-இலும் 2024-இலும் ஓடத் தொடங்கின. சுமார் 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 3,000 கோடியைத் தாண்டியது. அதில் நம் பங்கை நாம் எத்தனை வருடம் கட்டப்போகிறோமோ. அதற்கு யாரும் என் வாசலில் வந்து டேப்லெட்டில் கையெழுத்துக் கேட்கவில்லை. அணுமின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கார்பன் இல்லாத கரண்ட்தான். ஆனால் என் கூரைப் பேனலால் அடுத்தவர் தலையில் பாரம் ஏறும் என்று கவலைப்படுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

இப்படி முடிவெடுப்பவர்கள் யார்? இயக்குநர் குழு. அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்? நாம். ஒரு உறுப்பினர், ஒரு ஓட்டு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சோலார் கதையே நீண்டுவிட்டது. இதற்குக் குடியுரிமை வேண்டாம், க்ரீன் கார்டு வேண்டாம், எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் உங்கள் பெயரில் மின் இணைப்பு இருந்தால் நீங்கள் உறுப்பினர். பதினைந்து வருடம் க்ரீன் கார்டு வரிசையில் நிற்கும் நமக்கு இந்த நாட்டில் ஓட்டுப்போடக் கிடைக்கும் தேர்தல் ஏறக்குறைய இது ஒன்றுதான், எச்ஓஏ என்ற குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கத் தேர்தலை விட்டால். (எச்ஓஏவில் மட்டும் தவறாமல் போய்ச் சண்டை போடுகிறோம், வேலி என்ன நிறம் என்று.)

போன முறை ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். காலை உணவுக்குச் சிக்கன் பிஸ்கட் (நம் பிஸ்கட் இல்லை, கோழிக்கறி வைத்த பன் மாதிரி), ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் இரண்டு எல்இடி பல்பு. குலுக்கலில் இஎம்சியின் பழைய பிக்கப் ட்ரக். கூட்டம் பூராவும் தலை நரைத்தவர்கள், நம் முகம் நாலோ ஐந்தோ. குலுக்கலில் ட்ரக் போனதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நானும் பக்கெட்டோடு எழுந்தவன்தான்.

இந்தக் கூட்டுறவுகள் பிறந்ததே ஒருவர் கரண்ட் பில்லைப் பார்த்துக் கடுப்பானதால்தான், அதுவும் இதே ஜார்ஜியாவில். பின்னாளில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்கே வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சின்ன வீட்டில் வந்து தங்கியபோது யூனிட்டுக்கு 18 சென்ட் பில் வந்ததாம், நியூயார்க்கில் கட்டியதைப்போல நாலு மடங்கு. 1938-இல், அதிபராக, இங்கே பார்ன்ஸ்வில் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் அவரே சொன்னது. அதற்கு மூன்று வருடம் முன்பே கிராம மின்மயத்துக்குத் தனித் துறை தொடங்கியிருந்தார், அப்போது பத்துப் பண்ணை வீட்டில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. இந்த மாதிரியை நம் நாட்டுக்கும் கொண்டுபோனார்கள், தெலங்கானாவில் சிர்சில்லா, கர்நாடகாவில் ஹுக்கேரி எல்லாம் அந்த வழியில் வந்த மின் கூட்டுறவுகள்தான்.

உறுப்பினர்கள் கேட்டால் நடக்குமா என்றால், நியூ மெக்சிகோவில் டாவோஸ் பக்கம் கிட் கார்சன் என்ற கூட்டுறவைப் பாருங்கள். அவர்களுக்கு மொத்தமாகக் கரண்ட் விற்ற நிறுவனம், சொந்த உற்பத்தி ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டி வைத்திருந்தது. 2016-இல் 3.7 கோடி டாலர் வெளியேறும் கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டு அதிலிருந்து பிய்த்துக்கொண்டார்கள். 2022-இல் வெயில் நன்றாக அடிக்கும் பகலில் அவர்கள் தேவை முழுவதும் சோலார்.

என்னைக் கேட்டால் எங்களைப்போன்ற இடத்தில் சோலாருக்கு இடம் என் கூரை இல்லை. தெற்குப் பக்கம் மட்டும் பத்துப் பேனல், ரொக்கம் 12,000 என்றும் கணக்குப் போட்டேன், வரிச் சலுகை இல்லாமல் காசு திரும்ப 23 வருடம். அதே பேனலை தெற்கு ஜார்ஜியாவில் நிலக்கடலைக் காட்டுக்குப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் போட்டால் யூனிட் விலை எவ்வளவோ குறைவு. அதில் உறுப்பினருக்குப் பங்கு கொடுங்கள், மாதாமாதம் பில்லில் கழியுங்கள். சமுதாய சோலார் என்று பல கூட்டுறவுகள் இதைச் செய்கின்றன, உங்கள் இஎம்சியில் இருந்தால் வாடகை வீட்டில் இருப்பவரும், கூரைமேல் ஓக் மரம் கவிந்து நிற்பவரும் சேரலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ராத்திரியில் விலை குறையும் கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள், நான் மாறினேன், எந்த ஆணியும் அடிக்காமல் பில் இறங்கியது.

இப்போது கதவைத் தட்டுகிறவர்கள் குத்தகை என்று வருகிறார்கள். முடிந்தது பேனலைச் சொந்தமாக வாங்கும் வீட்டுக்காரரின் சலுகைதான்; குத்தகையில் வரிச் சலுகை கம்பெனிக்கு, 25 வருட ஒப்பந்தம் நமக்கு. யார் வந்தாலும் ஒரே கேள்வி போதும்: "எங்கள் இஎம்சி வெளியே போகும் யூனிட்டுக்கு எத்தனை சென்ட் தருகிறது?" பதில் தெரியாவிட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு என் காரில் நாலு இடம் காலி. நாலரை சென்ட் கணக்கை மேடையில் இருப்பவர்களிடம் கேட்கப்போகிறேன், கை தூக்க ஆள் வேண்டும். பக்கெட் என் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, என்னுடையதையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.