எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. போதும், இனி அனுப்ப வேண்டாம். ஒரே படத்தை எத்தனை பேரிடமிருந்துதான் வாங்கி வைப்பது? ஆமாம், அது என் கமெண்ட்தான். அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்தேன். யார் யார் போட்டார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், மறுபடி முழுக்கதை வேண்டாம். தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: நம் குழுவில் தினமும் காலை நாலரைக்கு எழுந்து கைதூக்கும் எமோஜியோடு வருகைப்பதிவு போட வேண்டும், தவறியவர்கள் பெயர் ஒரு பட்டியலில் ஒட்டப்படும். அந்தக் குழுவில்தான் கேட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நாலரைக்கு எழுந்தீர்கள், சரி. முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" அவ்வளவுதான். வந்த பதில்களில் 'சாக்குப்போக்கு' இருந்தது, 'தோற்றவர்களின் பேச்சு' இருந்தது, 'சூரியன் வந்த பிறகு எழுபவர்கள் வாழ்க்கையைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது' இருந்தது. மணி மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் காலை வழக்கத்துக்கு எதிரி இல்லை. எனக்கே ஒன்று உண்டு, அது இல்லாத நாள்களில் நான் எப்படி எரிந்து விழுவேன் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதனால்தான் கோபம் வருகிறது. நல்ல விஷயம் ஒன்றை எடுத்து அதில் வருகைப்பதிவேடு, மதிப்பெண், அவமானப் பட்டியல் எல்லாம் ஒட்டி வைத்தால் எப்படி? காலை நன்றாக அமைய வேண்டும் என்றால் முதலில் தூக்கம் முழுதாக இருக்க வேண்டும். அப்புறம், எழுந்ததும் செய்யும் நாலைந்து காரியங்கள் தினமும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். கடிகாரத்தில் என்ன மணி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாலரை மணி என்பது யாருக்கும் தகுதிச் சான்றிதழ் கிடையாது.

தூக்கத்தைப் பற்றி நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். அமெரிக்காவின் தூக்க மருத்துவக் கழகமும் தூக்க ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2015ல் ஒரு பரிந்துரை வெளியிட்டன. வயது வந்தவர்கள் இரவில் 7 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும் என்பதுதான் அது. நாலரையிலிருந்து ஏழு மணி நேரம் பின்னால் போனால் ஒன்பதரை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப்போகிற மனிதரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு என் முழு மரியாதை, நாலரைக்குத் தாராளமாக எழுங்கள். ஆனால் நம் குழுவில் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஊக்க வீடியோ போடுபவரும், விடிவதற்கு முன்னால் 'யாரெல்லாம் எழுந்தாச்சு?' என்று கேட்பவரும் ஒரே ஆள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'உடம்பு பழகிவிடும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓரளவுக்குப் பழகும். முழுசாகப் பழகாது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்கு 2017ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடாது. சிலருக்குக் கொஞ்சம் முந்தி, சிலருக்குக் கொஞ்சம் பிந்தி. அதில் ஒரு பங்கு மரபணு, ஒரு பங்கு வயது. பதின்ம வயதில் தூக்கமே தாமதமாகத்தான் வரும், முதுமையில் விழிப்பு முந்திக்கொள்ளும். நம் குழுவில் தாத்தாக்கள் எல்லாம் முதலிடத்திலும் அவர்களுடைய கல்லூரிப் பேரன்கள் எல்லாம் கடைசியிலும் இருப்பதற்கு ஒழுக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, பாவம் அந்தப் பிள்ளைகள்.

சரி, மேதைகள் கதைக்கு வருவோம். 'உலகத்தைப் புரட்டிப்போட்ட எல்லோரும் விடிவதற்கு முன் எழுந்தவர்கள்' என்று ஒரு படம் சுற்றுகிறது அல்லவா? அதில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தேயைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். முற்பகல் வரை படுக்கையிலேயே கிடந்து யோசிப்பது அவர் வழக்கம். 1649ல் ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா அவரைத் தன் அரண்மனைக்கு அழைத்து, காலை ஐந்து மணிக்குத் தத்துவப் பாடம் நடத்தச் சொன்னார். ஸ்டாக்ஹோமின் குளிர்காலத்தில். 1650 பிப்ரவரியில் நிமோனியாவில் ஆள் போய்விட்டார். ஐந்து மணிதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை, உடனே பாய வேண்டாம். அந்தப் படத்தில் அவரும் இருந்திருக்கலாம் என்கிறேன்.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இருக்கிறார். அவருடைய ஐந்து மணி எல்லோருக்கும் மனப்பாடம். அவர் போட்ட அதே அட்டவணையில் இரவு பத்திலிருந்து ஐந்து வரை தூக்கம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் யாரும் வெட்டி ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. ஒழுங்கு என்ற விஷயம்தான் தனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது என்று தன் வரலாற்றில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதையும் வைப்பதில்லை.

அப்புறம் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட். அவர் எழுந்ததும் ஐந்துக்குத்தான். ஆனால் அவராக எழவில்லை. லாம்பே என்று ஒரு வேலைக்காரர், ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அறைக்குள் வந்து 'நேரமாச்சு' என்று எழுப்புவார். எவ்வளவு கெஞ்சினாலும் தூங்க விடாதே என்பது எஜமானின் கட்டளை. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடியது. தத்துவஞானியின் காலை வழக்கம் உலகத்துக்கே தெரியும். லாம்பே எத்தனை மணிக்கு எழுந்தார், அவரை யார் எழுப்பினார்கள்? அதை யாரும் ஏன் கேட்பதில்லை?

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.

அப்பாவுக்கு மறதி நோய். இரவும் பகலும் அவருக்கு ஒன்றுதான். நடுராத்திரி எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்புவார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது என்று சொன்னால் கோபப்படுவார், அதனால் இப்போதெல்லாம் 'இன்னைக்கு லீவுப்பா' என்று சொல்லிவிடுகிறேன். ஒரு இரவில் இரண்டு தடவை லீவு விட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு நான் நாலரைக்கு எழுந்து குழுவில் கைதூக்கும் எமோஜி போட வேண்டுமாம்.

என் காலை வழக்கம் இந்த வீட்டுக்காக, இந்த அப்பாவுக்காகச் செய்தது. எழும் நேரம் மாறும், வரிசை மாறாது. எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்குவேன். தண்ணீர் குடிப்பேன். வெளிச்சம் படுகிற இடத்தில் உட்காருவேன். ஒரு நோட்டில், இன்று எது நடந்தே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு காரியத்தை எழுதுவேன். பத்து காரியம் எழுதினால் அது பட்டியல், பட்டியலைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். இடையில் அப்பா கூப்பிட்டால் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். இதற்கு அரைமணி கூட ஆகாது.

திரையை விலக்குவது கவிதைக்காக இல்லை. உடம்புக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதில் கண்ணில் விழும் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். முடிந்தால் வெளியே போய் நிற்க வேண்டும், எனக்கு எப்போதும் முடிவதில்லை, ஜன்னலோடு சரி. அதேபோல, எழுந்தவுடன் மூளை முழுசாக எழுந்துவிடாது. அரைமணி நேரம் போலத் தூக்கத்தின் மிச்சம் இருக்கும், தூக்கம் குறைவாக இருந்தால் இன்னும் நீளும். அந்த மந்தத்துக்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை. அந்த நேரத்தில் முக்கியமான முடிவு எதையும் எடுக்காமல், கை தானாகச் செய்யும் வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டால் நாள் அமைதியாகத் தொடங்கும்.

போன் அந்த அறையில் இருக்காது. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். கண் திறந்ததும் போனைத் திறந்தால் உங்கள் காலை உங்களுடையது இல்லை. யாரோ இரவில் கோபமாக அனுப்பிய செய்தி, எங்கோ நடந்த விபத்து, தள்ளுபடி விளம்பரம், மேலதிகாரியின் 'பார்த்தவுடன் பேசவும்', எல்லாம் நீங்கள் பல் துலக்குவதற்கு முன்னால் வரிசையில் நிற்கும். அலாரம் போனில்தான் இருக்கிறது என்பவர்கள் ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். இரவில் அவசர அழைப்பு வரும் என்பவர்கள் பக்கத்து அறையில், ஒலியைக் கூட்டி வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இப்போது யோசித்துப் பாருங்கள், நாலரைக்கு எழுந்து முதல் வேலையாகக் குழுவில் வருகைப்பதிவு போட வேண்டும் என்றால், கண் திறந்ததும் கையில் என்ன இருக்கும்? அமைதியான காலைக்காக நடத்தும் குழு, ஆளை எழுப்பியவுடன் போனைப் பிடிக்க வைக்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால் நான் எதிர்மறை ஆசாமி.

'விடிகாலையில் வீடு அமைதியாக இருக்கும், அது ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும் நேரம்' என்று இரண்டு பெண்கள் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

சண்டை அந்த 'இருபத்தொரு நாள்' ஆளோடுதான். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும், ஒரு நாள் தவறினாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து என்று விதி போட்டிருக்கிறார். இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடியிருக்கிறாரா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை முடிந்தவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960ல் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர் கண்ணாடியில் அதைப் பழகிக்கொள்ளும் கணக்கு அது. அந்தக் 'குறைந்தது' எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து, ஒரு தினசரிப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2010ல் ஓர் ஆய்வு இதழில் வந்தது. நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம், 18லிருந்து 254 வரை அவர்கள் கணக்கு போனது. இன்னொன்றும் அதில் இருக்கிறது, பூஜ்யக்காரர் கவனிக்கவும்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

ஆக, ஒரு நாள் தவறியவரைப் பூஜ்யத்துக்கு அனுப்புவதால் பழக்கம் வளராது. வளர்வது பயம் மட்டும்தான். பயந்து எழுந்த காலை எப்படி ஐயா அமைதியாக இருக்கும்?

'உனக்கு முடியவில்லை, அதனால் மற்றவர்களைக் குறை சொல்கிறாய்' என்பார்கள், தெரியும். 'ஊக்கப்படுத்துவதைக் கிண்டல் செய்கிறாள்' என்பார்கள். ஊக்கமா? தவறியவர்கள் பெயரை 'தூங்குமூஞ்சிகள்' என்று தலைப்புப் போட்டு ஒட்டுவது எந்த ஊரில் ஊக்கம்? வேடிக்கைக்காம். வேடிக்கை என்றால் பட்டியலில் இருப்பவரும் சிரிக்க வேண்டும் அல்லவா? அந்தப் பட்டியலை ஒட்டிய அண்ணனின் வீட்டில், அவர் தியானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, பள்ளிக்குக் கிளப்புவது யார்? அவர் மனைவிக்கும் நம் குழுவில் ஒரு இடம் இருக்கிறது. ஒரு நாள்கூட அவர் கைதூக்கி நான் பார்த்ததில்லை. அவருக்கு அது வழக்கம் இல்லை, வேலை.

என் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது என் பெயருக்குக் கீழே இருக்கும் பெயருக்காக. அவள் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். நீங்கள் எல்லோரும் எழுந்து கைதூக்கும்போது அவள் எழவில்லை, ஏனென்றால் அவள் இன்னும் படுக்கவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, திரையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கும்போது மற்றவர்களுக்கு முற்பகல். மதியத்துக்கு மேல் எழுகிறாள். எழுந்ததும் திரையை விலக்குகிறாள், முகம் கழுவுகிறாள், கொஞ்ச நேரம் யாரிடமும் பேசாமல் உட்காருகிறாள். அவளுடைய காலை அது. உங்களுடையதைப் போலவே நல்ல காலை.

நேற்று இரவு போன் செய்தாள். 'அக்கா, நான் நைட் ட்யூட்டின்னு அவங்களுக்குத் தெரியும்தானே, தெரிஞ்சுமா போட்டாங்க?' என்று கேட்டாள். தெரியும்தான். குழுவில் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவளிடம்தான் மருந்து கேட்பார்கள், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. விழித்திருப்பாள் என்று தெரிந்துதான் கேட்பார்கள்.

பட்டியல் இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் பெயரையாவது எடுங்கள் என்று அட்மினுக்கு மறுபடியும் செய்தி அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை.