ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள்

நேற்று மத்தியானம் காரைக்குடியில் இறங்கி புதுப்பிக்கச் சொல்லி ஒரு டிசைனரிடம் விட்டிருந்த ஊர் வீட்டுக்கு நேரே போனேன். கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது ஆசிட் நெடி. அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது.

முற்றமும் சுற்றுத் தாழ்வாரமுமான வளவில் கால் வைத்தால் செருப்புக்கடியில் நறநறவென்கிறது. குனிந்து தொட்டேன். விரலில் மாவு மாவாக ஒட்டியது. ஆத்தங்குடிக் கல்லில், அதாவது எங்கள் பக்கத்துப் பூப்போட்ட தரை டைலில், சிவப்புப் பூவின் ஓரம் போய்ச் சாம்பல் நிறம் தெரிகிறது. அடுத்த கல்லும் அப்படித்தான், அதற்கடுத்ததும். முற்றத்தைச் சுற்றி ஒரு கல் விடாமல் பார்த்தேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1940-களில் பதித்த தரை. அப்பத்தா தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து ஏற்றிய பளபளப்பு அது.

“அழுக்கு போகவே இல்ல சார், அதான் ஆசிட் ஊத்தித் தேய்ச்சோம்” என்கிறார் டிசைனர். எவ்வளவு ஊற்றினீர்கள் என்றேன். “கொஞ்சந்தான் சார்.” பின்கட்டில் அஞ்சு லிட்டர் கேன் மூன்று காலியாகக் கிடக்கிறது. ஊற்றியதும் நுரைத்ததா என்று கேட்டேன். “ஆமா சார், நல்லா பொங்குச்சு, அழுக்கு வருதுன்னு நெனச்சோம்.”

அய்யா, பொங்கியது அழுக்கில்லை, கல்! ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்த வண்ணம் மேலே மெல்லிய ஒரு படலந்தான். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பை ஆசிட் தின்றுவிடும். வேலைக்கு வந்த கொத்தனாரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். யாராவது கேட்டார்களா?

புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாத்ரூம் வேண்டும், மாடுலர் கிச்சன் வேண்டும், மாடியில் ஏசி வேண்டும் என்று கேட்டவனே நான்தான். அதையெல்லாம் செய்துகொள்ளுங்கள், தரையையும் சுவரையும் தொடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுச் சுவரில் என்ன செய்தார்கள் தெரியுமா? அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தொட்டால் ஜில்லென்று இருந்த சுவரைச் சுரண்டிவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் இருக்கிற ஈரம் தானாக வெளியே வந்துவிடும். சிமெண்டைப் பூசினால் அது எங்கே போகும்? வேலை முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, தூண் பக்கம் உப்புப் பூத்துக் கொப்புளம் கொப்புளமாக உப்பி நிற்கிறது. முற்றத்துக்கு மேல் கண்ணாடி வேறு. சூடு மேலே போக வழியில்லாமல் மத்தியானம் வளவில் உட்கார முடியவில்லை. அந்த முற்றம் எதற்கு இருக்கிறது என்று நினைத்தார்கள்?

2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தார்கள். அந்த வீடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இடித்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அழகுபடுத்துகிறேன் என்று வருகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

“புதுக் கல் வாங்கி மாத்தித் தர்றோம் சார்” என்கிறார். ஆத்தங்குடியில் இன்றைக்கும் கையால்தான் வார்க்கிறார்கள், நல்ல கல்தான் கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய சிவப்பு வராது. எண்பது வருடம் நடந்து தேய்ந்த வழவழப்பு எந்தக் கடையில் கிடைக்கும்?

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கிளம்பும்போது பின்கட்டில் பார்த்தேன். அம்மாவின் ஆட்டுக்கல்லில் மண்ணைக் கொட்டி மணிபிளாண்ட் நட்டு வைத்திருக்கிறார்கள். குழவியைக் காணோம். எங்கே வைத்தீர்கள் என்று நேற்றிலிருந்து போன் போடுகிறேன். எடுக்கவே மாட்டேன் என்கிறார்.