வாஷிங் மெஷின் இருந்தால் வாடகை உதவி கூடாதா?

இரண்டு நாளாக எல்லாரும் பகிரும் அந்தப் படத்தைப் பற்றித்தான். இடிக்கப்போகும் குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) வீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பம்; குட்டி யானையில் கட்டில், பீரோ, ஒரு வாஷிங் மெஷின். மேலே நண்பரின் நக்கல்: "இவங்களுக்கு வாடகைக்கும் கவர்மென்ட்டே காசு தரணுமா?" சிரித்துவிட்டுப் போனவர்களில் எனக்கு வேண்டப்பட்டவர்களும் உண்டு.

சரி, எவ்வளவு தருகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பழுதான வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை 24,000 ரூபாய். மாதாமாதம் அல்ல, மொத்தமே அவ்வளவுதான். 2021இல் உயர்த்துவதற்கு முன்பு அது 8,000. ஒன்றரை வருஷத்தில் கட்டி முடித்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம் (நம்புகிறவர்கள் நம்பலாம்). மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் அந்தக் காசுக்கு பைக் நிறுத்த இடம் கிடைக்கும்.

அவர்கள் ஆசைப்பட்டு ஒன்றும் காலி செய்யவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வாரிய வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் ஜனங்கள் பிழைத்தார்கள். நானும் அப்படி ஒரு வாரிய வீட்டில் வளர்ந்தவன்தான். மேலே இருந்து காரை உதிரும் என்று அம்மா உலையைத் திறந்தே வைக்க மாட்டார். பால்கனிக் கூரையில் துருப்பிடித்துத் தொங்கிய கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போட்டோம்.

இப்போது அக்கா அங்கிருந்து காலி செய்துவிட்டு வீடு தேடுகிறாள். விடிகாலை இட்லிக் கடைதான் பிழைப்பு, புளியந்தோப்புப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஓர் ஓனர் வீட்டையெல்லாம் காட்டிவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்றார். சொன்னோம். "மச்சினன் பையன் வர்றதா இருக்கான், சொல்லி அனுப்புறேன்" என்று கேட்டைச் சாத்திவிட்டார். இன்னொருவர் வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் எழுபதாயிரம் என்றார். வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறதே என்றேன். "அப்ப சட்டத்துலயே போய்க் குடியிருங்க" என்றார். இதில் 1,333 ரூபாயை எந்த மூலைக்கு வைப்பது?

"என் வரிப்பணம்" என்று கிளம்புவீர்கள், தெரியும். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு வாங்கினீர்களே, சென்னைக்காரர் என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி வரைக்கும், அது யார் பணம்? அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டு அப்பாவிடமே வாடகை ரசீது எழுதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்தால் வரித் திட்டமிடல், அக்கா வாங்கினால் ஓசி.

வாரிய வீட்டை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிடியுங்கள்.

"ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வாரிய வீடு தருகிறார்களே" என்கிறவர்கள் தயவுசெய்து விடிகாலை நாலு மணிக்கு அங்கிருந்து இட்லிப் பானையோடு புளியந்தோப்புக்கு பஸ் பிடித்துக் காட்டுங்கள். அப்புறம் பேசலாம். அந்த மெஷினும் தவணையில் வாங்கியதாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால்தான் என்ன? ஏழை என்றால் முட்டி தேயத் தேயக் கல்லில் துவைத்துக் காட்டினால்தான் நம்புவீர்களா? எங்களைப் பார்த்து நீங்கள் பரிதாபப்பட வேண்டும், ஆனால் நாங்கள் பரிதாபமாக மட்டுமே இருக்க வேண்டும்!

"உணர்ச்சிவசப்படாதீங்க பிரதர்" என்று வருகிறவர்கள், உங்கள் தெருவில் காலி வீடு இருந்தால் கீழே போடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாதம்தான் தருவோம்.