இரண்டாவது ஆல்பத்துக்கு இத்தனை யோசனை எதற்கு?

முதல் ஆல்பம் ஹிட்டாகிவிட்டால் ஒரு ராக் பேண்டுக்கு ஊரே சொல்லும் புத்திமதி: "அடுத்ததில் அவசரப்படாதே." முதல் ஆல்பத்துப் பாட்டுகளை வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து எழுதியிருப்பார்களாம், இரண்டாவதுக்கு அந்த அவகாசம் கிடைக்காதாம், அதனால்தான் சொதப்புகிறதாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்டோன் ரோசஸை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர்க்காரர்கள். 1989-இல் வந்த முதல் ஆல்பத்தை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். இரண்டாவதான 'செகண்ட் கமிங்' வந்தது 1994 டிசம்பரில். நடுவில் கம்பெனியோடு கோர்ட் கேஸ் இருந்தது உண்மைதான். ஆனால் 1991-இலேயே தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்துவிட்டது.

அந்தக் கேசட்டை எங்கள் சாச்சா துபாயிலிருந்து கொண்டுவந்தார். கீழக்கரையில் அப்போதெல்லாம் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளி வீட்டில் பெட்டி பிரித்தால்தான் எங்களுக்கு இந்த மாதிரிப் பாட்டு. டெக்கில் போட்டால் தண்ணீர் ஓடுகிற சத்தம், என்னென்னவோ இரைச்சல். உப்புக்காற்றில் ஹெட் துருப்பிடித்துவிட்டது என்று மச்சான் டெக்கை நிறுத்தி, சாச்சாவின் கொலோனைப் பஞ்சில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். ஹெட்டில் ஒரு கோளாறும் இல்லை. அந்த முதல் பாட்டே பதினோரு நிமிஷத்துக்கு மேல். அதில் நாலு நிமிஷத்துக்கு மேல் வெறும் இன்ட்ரோ! (பேண்டின் கிடாரிஸ்ட் ஜான் ஸ்குவையரின் வாசிப்பைக் குறை சொல்லவில்லை, அது வேறு விஷயம்.)

இதைப் பெரும்பாலும் பதிவு செய்தது வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில். ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்தது. அதே ராக்ஃபீல்டுக்கு 1995 மே மாதம் ஓயாசிஸ் போனார்கள். அவர்களும் மான்செஸ்டர்தான். முதல் ஆல்பம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சில வாரங்களில் வேலை முடிந்தது. அக்டோபரில் வந்த 'மார்னிங் குளோரி' பிரிட்டனில் இதுவரை மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. முதல் பாட்டு தொடங்கும்போதே, பின்னால் வரப்போகும் 'வொண்டர்வால்' பாட்டின் கிடார் ஒருசில நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தத் திமிர் உட்கார்ந்து யோசிப்பவனுக்கு வராது.

லெட் செப்பெலின் இன்னும் ஒரு படி மேல். 1969 ஜனவரியில் முதல் ஆல்பம், அக்டோபரில் இரண்டாவது. கச்சேரிக்கும் கச்சேரிக்கும் நடுவில் போன ஊரில் கிடைத்த ஸ்டூடியோவில் பதிவு. அமெரிக்காவில் பீட்டில்ஸின் 'அபே ரோட்'டையே முதலிடத்திலிருந்து இறக்கியது அது.

வாடைக்காற்று கிளம்பினால் பாம்பனில் வடகடல் படகைத் தென்கடலுக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். அங்கே மீன் படுமா என்று வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டா இருக்கிறார்கள்?

இப்போது இதை எழுதக் காரணம் எங்கள் லாத்தா மகன். சென்னையில் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான். முதல் ஆல்பத்துக்கு நல்ல பேர், இரண்டாவது இன்னும் மிக்ஸிங்கில் கிடக்கிறது. பெருநாளுக்கு வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ஓயாசிஸ் மூணாவது ஆல்பம் கேட்டிருக்கீங்களா மாமா?" என்றான்.

கேட்காமல் என்ன? 'பீ ஹியர் நௌ', 1997. பாட்டுக்குப் பாட்டு இழுவை. "அது ஸ்டூடியோவுல மாசக்கணக்கா கிடந்து செஞ்சதுடா" என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.