ஒரே மாலையில் முடிந்துபோன சீசன்

எங்கள் ஊர்க் கல்லூரிக் கால்பந்து அணியின் இந்த வருட சீசன் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, ஒரு முறை தோற்றாலே வெளியேற்றும் நாக்அவுட் முறை. முதல் ஆட்டமே கோல் இல்லாமல் சமன், டைபிரேக்கரில் தோல்வி. கடைசிப் பெனால்ட்டியைக் கம்பத்தில் அடித்தவன் மூன்றாமாண்டு மாணவன். இனி அவன் கல்லூரிக்காக ஆடப்போவதில்லை. அவனை யாரும் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் இந்த ஏற்பாட்டின் மீதுதான்.

16 அணிகள் மோதும் நாக்அவுட்டில் 8 அணிகளுக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். மழையோ வெயிலோ பாராமல் பயிற்சி எடுத்தது 90 நிமிடத்துக்காகவா?

கன்னியாகுமரி மாவட்டக் கரையில், நீரோடி முதல் தூத்தூர் வரை எங்கள் பிள்ளைகள் பந்து பழகுவது கடற்கரை மணலில். மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். ஆகவே பலமாக உதைத்தே பழகியிருக்கிறார்கள். அன்று மழையில் நனைந்த செம்மண் மைதானம். ஓரத்தில் ஓடும் விங்கருக்குப் போட்ட பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டின. பாதி ஆட்டம் த்ரோஇன் கொடுப்பதிலேயே போனது. இடைவேளைக்குப் பிறகுதான் பாஸின் வேகம் குறைந்தது, ஆட்டம் கைக்குள் வந்தது. இன்னும் இரண்டு ஆட்டம் கிடைத்திருந்தால் அந்த மண்ணும் அவர்களுக்குப் பழகியிருக்கும்.

இதைச் சொன்னால், "திறமை இருந்தால் மேலே வரலாம், மைக்கேல் சூசைராஜ் வரவில்லையா?" என்கிறார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்து 2019-ல் இந்தியச் சட்டை அணிந்தவர் அவர். எங்கள் கரைக்கே பெருமை. ஆனால் ஒருவர் அலையைக் கடந்துவிட்டார் என்பதற்காக மற்றவர்களுக்குப் படகு வேண்டாம் என்று சொல்லலாமா?

சென்னை சிட்டி அணி, எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் தேசியத் தொடரான ஐ-லீக்கை 2018-19-ல் வென்றதே, நினைவிருக்கிறதா? 20 ஆட்டங்களில் 3-ல் தோற்றும், கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்திக் கோப்பையைத் தூக்கியது. நாக்அவுட்டாக இருந்திருந்தால் முதல் தோல்வியோடு அந்த அணியும் மூட்டை கட்டியிருக்கும்.

நான் கேட்பது மாவட்டக் கல்லூரிகளுக்கான ஒரு லீக். 6 கல்லூரிகள் சேர்ந்து, சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று ஆடினால் அணிக்கு 10 ஆட்டங்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ குலசேகரமோ, காலையில் பஸ் ஏறினால் ஆடிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். தங்கும் செலவு கிடையாது. தேவாலயப் பங்குத் திருவிழாவுக்கு இளைஞர்கள் வசூல் செய்து விளக்கு கட்டி இரவெல்லாம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) நடத்துகிறார்கள். அவர்களால் முடிவது கல்லூரிகளால் முடியாதா?

வருகைப் பதிவுதான் பெரிய முட்டுக்கட்டை. ஆடப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் ஆன் டியூட்டி கேட்டு ஒரு மாணவன் துறைத்தலைவர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சனிக்கிழமைகளில் ஆட்டம் வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

உடற்கல்வி இயக்குநர்களே, டிசம்பரில் அடுத்த செமஸ்டர் தொடங்கும்போதே அட்டவணை போடுங்கள். முதலில் நான்கு கல்லூரிகள் வந்தாலும் போதும். மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புச் செலவும் பந்துச் செலவும் பழைய மாணவர்களான எங்கள் பொறுப்பு.