டிராஃப்ட் எண்ணை மறந்துவிட்டு வரிசை போடுங்கள்

குளிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களுக்கு ஆட்டம் கிடையாது, பட்டியல்தான் உண்டு. மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே, ஒவ்வொரு அணியின் மைனர் லீக்கிலும் வளர்ந்துவரும் இளைஞர்களில் முதல் 30 பேர் யார் யார் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் பட்டியலை நான் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். படிக்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தில்தான் கோபம் வருகிறது. ஒரு பையன் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைப் பிடிக்கும் ஆண்டுத் தேர்வில், எத்தனையாவதாக எடுக்கப்பட்டான், கையெழுத்துப் போட எவ்வளவு வாங்கினான் என்ற இரண்டும் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. அவன் ஆட்டம் தேய்ந்தாலும் அந்த இரண்டும் அவனை மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கின்றன. கடைசிச் சுற்றுகளில் வந்தவனோ அதே காலத்தில் இரண்டு மடங்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இதை வேறு எந்த அணியின் ரசிகரைவிடவும் ஓரியோல்ஸ் ரசிகர் நன்றாக அறிவார். 2018-ல் இந்த அணி 115 ஆட்டங்களில் தோற்றது. அதன்பின் மைக் எலியஸ் பொது மேலாளராக வந்து எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டத் தொடங்கினார். 2019 டிராஃப்டில் முதல் வாய்ப்பு ஓரியோல்ஸுக்குக் கிடைத்தது. 81 லட்சம் டாலர் கொடுத்து கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) அட்லி ரட்ச்மனை எடுத்தார்கள். அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 42-வது ஆளாக, அலபாமாவின் பள்ளி மாணவர் கன்னர் ஹெண்டர்சனை எடுத்தார்கள். ரட்ச்மன் ஏமாற்றவில்லை. ஆனால் 2023-ல் அணி 101 வெற்றிகளைக் குவித்தபோது அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானவர் ஹெண்டர்சன்.

42-வது ஆளின் வளர்ச்சியை முன்கூட்டியே பார்த்திருக்க முடியுமா? முடியும். 2021-ல் ஓரியோல்ஸின் மைனர் லீக் அணியான அபர்டீனில் ஆடியபோது ஹெண்டர்சன் ஏகப்பட்ட முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது) ஆனார். அடுத்த ஆண்டு ஒரு படி மேலே, போவியில், பந்து வீச்சு இன்னும் கடினமானது. அங்கே அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனதைவிட அதிக முறை வாக் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) வாங்கினார். இருபது வயதில் ஒருவர் ஒரே குளிர்காலத்தில் இப்படி மாறினால், பட்டியல் போடுபவர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும்.

மைனர் லீக் மைதானத்தில், அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில், திறமையை எடைபோடும் ஸ்கவுட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் வேகமானி, ஸ்டாப்வாட்ச், சிறு நோட்டு. அடித்தல், பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் என்ற ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. ஓட்டத்தைக் கடிகாரம் சொல்லிவிடும், பலத்தைப் பந்து போய் விழும் தூரம் சொல்லிவிடும். அடித்தல்தான் கண்ணுக்குப் பிடிபடாதது. நான் அங்கே உட்கார்ந்தால் ஹோம் ரன்களுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின், பிளேட்டின் நடுவே வருவதுபோல் கிளம்பிக் கடைசி நொடியில் கீழே சரியும் ஸ்லைடர் ஒன்று வருமே, அதற்காகத்தான் காத்திருப்பேன். அடிப்பவரின் முன்கால் இறங்கிவிட்டது, கைகள் கிளம்பிவிட்டன. அங்கிருந்து மட்டையை நிறுத்த முடிகிறதா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடத் தெரிந்த டெஸ்ட் மட்டையாளரை நாம் ஏன் நம்புகிறோமோ, அதே காரணத்துக்காகத்தான் இவரையும் நம்புகிறேன். பிரம்மாண்டமான தோள்களை வைத்துக்கொண்டு அந்த ஸ்லைடரைத் துரத்துகிறவரைக் கீழே இறக்கிவிடுவேன், அவர் முதல் சுற்றில் வந்தவராக இருந்தாலும்.

சரிந்தபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதும் எனக்கு அதே அளவு முக்கியம். செட்ரிக் மலின்ஸ் 2015 டிராஃப்டில் 13-வது சுற்றில் வந்தவர். 2019-ல் சீசனின் முதல் நாளிலேயே சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிக்களத்தின் நடுவில், இறங்கினார். 64 முறை மட்டை பிடித்து 6 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) மட்டும் எடுத்ததால் மைனர் லீகின் உச்ச நிலையான நார்ஃபோக்குக்கு அனுப்பினார்கள். அங்கும் சரியாகாமல் போவிக்கு இறக்கினார்கள். பட்டியல்களின் கணக்கில் அதோடு அவர் கதை முடிந்தது. மலின்ஸ் இரண்டு பக்கமும் நின்று அடித்த பழக்கத்தைக் கைவிட்டு, 2021-ல் இடது பக்கம் மட்டும் நின்றார். அந்த ஆண்டு 30 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ் (பிட்சர் ஏமாந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஓரியோல்ஸ் வரலாற்றில் அதற்கு முன் யாரும் செய்யாதது. இன்னொருவர், பந்து வீசும் பிட்சர் ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா. அவரை மயாமி அணி வேண்டாமென்று விடுவித்தது. 26 வயதில்தான் ஓரியோல்ஸ் வழியாக மேஜர் லீகுக்கு வந்தார், 2023-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த ரிலீவர் (ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்றாக இறங்கும் பிட்சர்) விருதை வாங்கினார்.

ஜாக்சன் ஹாலிடே விஷயத்தில் மறுபக்கத்து அநியாயம் நடந்தது. 2022 டிராஃப்டின் முதல் ஆள். 2023-ல், 19 வயதில், ஒரே சீசனில் மைனர் லீகின் நான்கு நிலைகளையும் ஏறினார். 2024 ஏப்ரலில் மேலே வந்தவர் 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். உடனே "வெறும் பில்டப்" என்று எழுதினார்கள். இருபது வயதுப் பையனைப் பத்து ஆட்டங்களில் எடைபோடுவதும் டிராஃப்ட் எண்ணை வைத்து எடைபோடுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான். நார்ஃபோக்குக்குத் திரும்பிப் போய் ஆடி, ஜூலை இறுதியில் மீண்டும் வந்த அன்றே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். அடுத்த ஆண்டு 17 ஹோம் ரன். இன்னும் நட்சத்திரம் ஆகவில்லை, ஆனால் கற்றுக்கொள்கிறார்.

பிட்சர்களை நான் எப்போதும் இரண்டு மூன்று இடம் கீழேதான் வைப்பேன். அவர்கள் திறமை மீது சந்தேகம் இல்லை; தோளும் முழங்கையும் யார் சொல்லையும் கேட்பதில்லை. கிரேசன் ராட்ரிகஸ் ஒரு காலத்தில் நாட்டிலேயே முதல்நிலை இளம் பிட்சர். 2025 சீசன் முழுவதும் காயத்தால் ஒரு பந்துகூட வீசவில்லை, பிறகு ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

2025 சீசன் முடிந்த நிலையில் என் வரிசை இது. முதலிடம் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த கேட்சர் சாமுவேல் பசாயோ. நார்ஃபோக்கில் தன்னைவிடப் பல வயது மூத்த பிட்சர்களுக்கு எதிராக 23 ஹோம் ரன் அடித்தார். பலம் எப்போதும் இருந்தது, முந்தைய ஆண்டைவிடப் பொறுமை கூடியதுதான் எனக்குப் பெரிது. இரண்டாவது டிலன் பீவர்ஸ். கல்லூரியிலிருந்து வந்தபோது அவர் மட்டை வீச்சைப் பலரும் சந்தேகித்தார்கள். அதைத் திருத்திக்கொண்டார், பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணை மட்டும் விடவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் பலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நான் நேட் ஜார்ஜை வைக்கிறேன். 2024 டிராஃப்டில் 16-வது சுற்றில் வந்த பையன். அடுத்த ஆண்டே மூன்று நிலைகளில் ஆடி, எல்லா இடத்திலும் அடித்து, 50 பேஸ் திருடினார். 2023-ல் முதல் சுற்றில் வந்த என்ரிக்கே பிராட்ஃபீல்டை அவருக்கு மேலே வைப்பவர்கள் உண்டு. பிராட்ஃபீல்டின் வேகமும் சென்டர் ஃபீல்டிங்கும் கண்கொள்ளாக் காட்சி. 2024-ல் 74 பேஸ் திருடியவர். ஆனால் அவர் அடிக்கும் பந்து தூரம் போவதில்லை. மேலே போகப்போக பிட்சர்கள் பயமில்லாமல் நடுவிலேயே வீசுவார்கள், அவருக்கு வாக் கிடைப்பது குறையும். ஜார்ஜின் மட்டையில் அந்த ஆபத்து குறைவு.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. 2023-ல் தொழிலாளர் ஒப்பந்தம் வந்து உயர்த்திய பிறகும், மைனர் லீகின் மேலிருந்து இரண்டாவதான டபுள்-ஏ நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அந்த ஆண்டு 30,250 டாலராகத்தான் இருந்தது. எண்பது லட்சம் டாலர் வாங்கியவர் இரண்டு ஆண்டு தடுமாறலாம். அணி காத்திருக்கும், ஏனென்றால் பணம் போட்டிருக்கிறது. 16-வது சுற்றுப் பையனுக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்காது. அணிகளின் கணக்கு அணிகளோடு போகட்டும். பட்டியல் போடுபவருக்கு எந்த முதலீடும் இல்லையே, அவர் ஏன் அதே கணக்கைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

பிட்சர்களில் முதல் இடம் என் பட்டியலில் ட்ரே கிப்சனுக்கு. 2023-ல் எந்தச் சுற்றிலும் எந்த அணியும் எடுக்காதவர். இரண்டே ஆண்டில் நார்ஃபோக் வரை ஏறிவிட்டார். அவரைப் பின்னால் தள்ளுகிறவர்கள் அவருடைய பந்துகளை வைத்துக் காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.