டிராக்டர் ஏற்ற செமி டிரக் வாங்கியவரைப் பற்றி

டெக்சாஸில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு பழைய செமி டிரக் வாங்கியிருக்கிறார். நம்மூரில் டிரெய்லர் லாரி என்போமே, அதேதான். வாடகைக்கு ஓட்ட இல்லை. தான் சேர்த்து வைத்திருக்கும் பழைய டிராக்டர்களைக் கண்காட்சிக்கு ஏற்றிப் போக. "பொழுதுபோக்குக்கு இவ்வளவு பெரிய வண்டியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மே மாதம். ஓக்லஹோமாவில் பானி என்ற ஊரில் வருடந்தோறும் நீராவி எஞ்சின், பழைய டிராக்டர் கண்காட்சி நடக்கும். அவருடைய பிக்கப்பில் நானும் போனேன். பின்னால் கூஸ்நெக் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுப்பது), அதன் மேல் ஜான் டியர் 4020 ஒன்று, கிட்டத்தட்ட அதே கனத்தில் இன்னொன்று. 4020 என்பது 1963 முதல் 1972 வரை வந்த மாடல். ஒன்றே நாலு டன்னுக்குக் கிட்டே வரும். ஐ-35 நெடுஞ்சாலையில் ஆர்பக்கிள் மலை இறக்கத்தில் டிரெய்லர் எங்களைத் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்த அழுத்த வேகம் குறையவில்லை. கருகல் வாடை கேபினுக்குள் வந்துவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினோம். இறங்கிப் பார்த்தால் சக்கரத்துப் பக்கம் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு அனல். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

டிரெய்லரும் இரண்டு டிராக்டரும் சேர்ந்து சுமார் 24,000 பவுண்ட். பிக்கப்பையும் சேர்த்தால் 32,000. அதாவது பிக்கப் தன் சக்தியின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. இதே சுமையைச் செமியில் ஏற்றினால் வண்டியோடு சேர்த்து 50,000 பவுண்டைக்கூடத் தொடாது. நெடுஞ்சாலையில் செமிக்கு அனுமதி 80,000 வரை. செமியின் பிரேக்கும் சேஸிஸும் அந்த 80,000-க்காகக் கட்டப்பட்டவை. பெரிய வண்டி பாதிச் சுமையோடு போவதா, சின்ன வண்டி முக்கி முனகிக்கொண்டு போவதா என்றால் எனக்கு முதலாவதுதான் வேண்டும். விலையும் ஒரு தடை இல்லை. புதுக் கனரகப் பிக்கப் வாங்கும் காசுக்குக் குறைவாகவே பழைய செமி கிடைக்கிறது.

சரி, லைசென்ஸ்? இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சொந்தப் பொருளை, கூலி வாங்காமல், வியாபார நோக்கமில்லாமல், எப்போதாவது ஏற்றிப்போகும் தனி நபருக்கு மத்திய அரசின் லாரி விதிகளில் விலக்கு உண்டு. போட்டியில் பரிசுப் பணம் கிடைத்தாலும் விலக்கு போகாது. ஆனால் அந்தப் பணத்தை வருமானமாகக் கணக்கு காட்ட வேண்டும். செலவைத் தொழில் செலவாக வரியில் கழிக்கக் கூடாது. கம்பெனி ஸ்பான்சர் இருக்கக் கூடாது. "பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரையும் ஏற்றினேன், டீசல் காசு மட்டும் வாங்கினேன்" என்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். கை நீட்டி வாங்கினால் அது கூலியா இல்லையா என்ற கேள்வி வந்துவிடும்.

லைசென்ஸ் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் வணிக லைசென்ஸ் வேண்டாத தனி நபரும் 26,001 பவுண்டும் அதற்கு மேலுமான தொடர் வண்டி ஓட்ட, இழுக்கும் டிரெய்லர் 10,000-ஐத் தாண்டினால், வணிகமல்லாத ஏ வகுப்பு லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் நாங்கள் போன பிக்கப்பும் கூஸ்நெக்கும்கூட வந்துவிடும். பிக்கப்தானே என்று சாதாரண லைசென்ஸோடு இழுத்துப் போகிறவர்கள் எத்தனை பேர்!

என் கருத்து இன்னும் ஒரு படி மேலே. சட்டம் விட்டுக்கொடுத்தாலும் முறையான லாரிப் பயிற்சியை எடுத்தே ஆக வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் என்பது வேறு உலகம். காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ.-ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) நெருங்கிக் குறையும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கை எப்போது போடுவது, கியரை எங்கே குறைப்பது, இதெல்லாம் யூடியூப் பார்த்து வருகிற வித்தை இல்லை. எதிரில் குழந்தைகளோடு காரில் வருகிறவருக்கு நம் லாரி வாடகைக்கு ஓடுகிறதா பொழுதுபோக்குக்கு ஓடுகிறதா என்பதில் என்ன வித்தியாசம்?

எங்கள் பண்ணைக்காரர் அதைப் புரிந்துகொண்டார். மூன்று மாதம் ஒரு ஓய்வுபெற்ற லாரி டிரைவரிடம் உட்கார்ந்து கற்றார். டிராக்டரைச் சங்கிலியால் கட்டுவதை நம் பண்ணைக்காரரிடம்தான் பார்க்க வேண்டும். 10,000 பவுண்டுக்கு மேல் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு என்பது லாரித் தொழிலுக்கான விதி. இவர் சின்ன டிராக்டருக்கும் நான்கு போடுகிறார். பொன்னிறச் சங்கிலி, வலுவில் கிரேடு 70 தரம். ஒவ்வொரு கண்ணியாகக் கையில் உருட்டிப் பார்த்து, நீண்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் சங்கிலியை இறுக்கும் ராட்செட்டை முறுக்குவார். முதல் 50 மைலுக்குள் நிறுத்தி மறுபடி பார்ப்பார். போன தடவை நான் கூட இருந்தேன். பின் சங்கிலி ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. டயர் கொஞ்சம் அமுங்கினாலே அப்படி ஆகுமாம்.

அப்புறம் இன்சூரன்ஸ். அவருக்கு அதிகம் அலைச்சல் இதில்தான். ஒரு ஏஜெண்ட் "உங்கள் கார் பாலிசியிலேயே வரும்" என்று வாயால் சொன்னார். எழுதிக் கேட்டதும் இல்லை என்றார். கடைசியில், வாடகைக்கு அல்ல, சொந்த உபயோகத்துக்கு என்று தெளிவாக எழுதித் தனி பாலிசி வாங்கினார். கதவிலும் "வாடகைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார். வேறு மாநிலங்களில் இப்படிச் சொந்தத்துக்குச் செமி வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் லைசென்ஸும் இன்சூரன்ஸும் எப்படி அமைந்தது என்று எழுதுங்கள். அவரிடம் காட்டுகிறேன்.